நாமக்கோழிக்கு வைத்த சோறு

நாங்கள் இருந்த அகதிகள் விடுதிக்குப் பின்னால் ஒரு சதுப்பு இருந்தது. நாணலும் சேறும், எந்நேரமும் சண்டைபிடிக்கும் நாமக்கோழிகளும். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் நாமம் போட்டதுபோல் வெள்ளை. விலங்கியல் படிப்பை அரைகுறையில் விட்டுவிட்டு ஜெர்மனிக்கு வந்தவன் நான். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. நாமக்கோழி பார்க்க மட்டும் யாருக்கும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. ஆகவே பார்த்தேன். ஆசையில் இல்லை, அலுப்பில்.

பனிக்காலத்தில் அவை உறையாத தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றாய் மிதக்கும். வெயில் கண்டதும் சோடி சோடியாய் ஒவ்வொரு நாணல் மூலையைப் பிடித்துக்கொண்டு, நேற்றுவரை ஒட்டிக்கிடந்தவற்றையே காலால் உதைக்கும். எங்கள் விடுதிச் சமையலறையும் ஏறக்குறைய அப்படித்தான். குஞ்சுகள் சிவந்த மொட்டைத் தலையோடு வெளியே வரும். முதல் சில நாட்கள் தாயும் தகப்பனும் மாறிமாறி ஊட்டும். பிறகு குணம் மாறிவிடும். அதிகம் கெஞ்சுகிற குஞ்சைப் பிடித்து உலுக்கிக் கொத்தும். பார்க்கச் சகிக்காது.

என் அறையில் என்னைவிட ஏழெட்டு வயது மூத்த அண்ணை ஒருவர் இருந்தார். ஊரில் அவருடைய தாய் இறந்த செய்தி, வுப்பர்டால் நகரில் இருந்த உறவினர் மூலம் விடுதித் தொலைபேசிக்கு வந்தது. அதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்துவிட்டது. கொள்ளிவைக்க வேண்டிய ஒரே மகன் அவர். போனால் திரும்பி வர முடியாது; உயிரோடு வீடு போய்ச் சேர்வதும் நிச்சயமில்லை. அன்றிலிருந்து ஒருநேரச் சாப்பாடு. அதையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. எனக்குப் பயமாக இருந்தது, சொன்னால் என்ன, கோபமாகவும் இருந்தது. சின்ன அறையில் இன்னொருவரின் துக்கத்தோடு படுத்தெழும்புவது லேசான காரியமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஊரில் அவருக்குப் பதிலாக யாரோ கீரிமலைக் கடலில் சாம்பல் கரைத்திருப்பார்கள். இங்கே ஐயரும் இல்லை, கடலும் இல்லை. அண்ணை குளித்து, சாரம் கட்டி, சோறும் பருப்பும் லீக்ஸ் கறியும் சமைத்தார். வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாளில் படைத்துச் சதுப்பின் கரையில் வைத்தார். காகம் எடுத்த பிறகுதான் அவர் வாயில் வைப்பார்.

காகங்கள் இல்லாமலில்லை. தூரத்து மரத்தில் இருந்தபடி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தன, இறங்கவில்லை. அண்ணை கைதட்டி, "கா, கா" என்று கூப்பிட்டார். நாயோடு நடந்துவந்த ஒரு கிழவி நின்று பார்த்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனாள். மத்தியானம் திரும்பிவிட்டது. சோறு காய்ந்தது.

"இங்கத்தைக் காகத்துக்குச் சோறு தெரியாது அண்ணை. வந்து சாப்பிடுங்கோ."

"காகம் எடுக்காமல் எப்பிடித் தம்பி? அம்மாவுக்கு என்னிலை கோவம் போல கிடக்கு."

 நான் பக்கத்தில் குந்தினேன். தண்ணீரில் ஒரு நாமக்கோழி, கத்திக்கொண்டு பின்னால் வந்த குஞ்சைத் திரும்பித் திரும்பிக் கொத்தியது. அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு எண்டுவினம். இது ஏன் தம்பி தன்ரை குஞ்சையே கொத்துது?"

"தீன் எல்லாத்துக்கும் காணாது அண்ணை. பக்கத்திலை நிண்டு கெஞ்சிக்கொண்டிருந்தால் எல்லாம் சாகும். கலைச்சுவிட்டால் தானாத் தேடித் தின்னப் பழகும்."

அவர் அலுமினியத் தாளின் விளிம்பை மடித்துவிட்டார்.

"அம்மாவும் என்னைக் கலைச்சவ," என்றார் பிறகு. "ஆமி வீடு வீடாப் பொடியளைப் பிடிச்சுக்கொண்டு போன நேரம். நான் வெளிநாடு போகமாட்டன் எண்டு முற்றத்திலை நிண்டனான். கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை நிண்டு போ எண்டு ஏசினா. முகத்தைக்கூடக் காட்டேல்லை." அதுவரை அழாத மனிதர் விம்மி விம்மி அழுதார். 

நாணலுக்குள் சலசலப்புக் கேட்டது. கொத்து வாங்கிய அதே குஞ்சு, அளவுக்கு மிஞ்சிய பெரிய பாதங்களை இழுத்துக்கொண்டு கரையேறியது. தாளைச் சுற்றி ஒருதரம் நடந்தது. பிறகு சோற்றில் வாய் வைத்தது. இன்னும் கறுப்புக்கூட ஏறாத, சாம்பல் நிறக் குஞ்சு. காகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. என் அரைகுறைப் படிப்பு வாயைத் திறக்கப் பார்த்தது. மூடிக்கொண்டேன்.

"காகம் எடுத்திட்டுது தம்பி," என்று அண்ணை சாரத்தால் முகத்தைத் துடைத்தார். "வாரும், சாப்பிடுவம்."

அன்று அவர் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.