கல்லாவில் யார் கை?

ராஜாத்தி அக்கா இறந்த செய்தி கடையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. முதலாளி போட்டிருந்தார். கைகூப்பும் படம், 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்தே, எண்ணெய் பாக்கெட்டுக்குப் புது விலை ஒட்டச் சொல்லி இன்னொரு செய்தி. ஆரப்பாளையத்தில் அந்தப் பலசரக்குக் கடையின் கல்லாவைக் கட்டிக்காத்த மனுஷிக்கு அவ்வளவுதானா?

பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். கடைக்கு வந்து அவரைத் தெரிந்த உங்களுக்கும் என்னை நினைவிருக்கும். முன்பெல்லாம் கவுண்டரில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஒரே கல்லாவில்தான் போட்டு எடுப்போம். பணம் குறைந்தால் மூவர் சம்பளத்திலும் பிடிப்பார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவோம். அக்காதான் முதலாளியிடம் போய் நின்றார். "அண்ணே, ஆளுக்கொரு கல்லா குடுங்க. காலையில சில்லறைய எண்ணிக் குடுங்க, கடை அடைக்கையில எண்ணி வாங்குங்க. தப்பு யாருதுன்னு தெரிஞ்சிரும்." அப்படியே செய்தார்கள். வரிசை மளமளவென்று நகர்ந்தது, கணக்கும் சீக்கிரம் முடிந்தது. முதலாளி அதைத் தன் யோசனை என்று மற்ற கடைக்காரர்களிடம் பீற்றிக்கொண்டார். அக்கா சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அக்காவின் கல்லாவில் மட்டும் பணம் குறைந்துகொண்டே இருந்தது. காரணம் கடையில் எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் மச்சினர் வருவார். டீக்கு, பெட்ரோலுக்கு, கோயில் நன்கொடைக்கு என்று வாசலோரம் இருந்த அக்காவின் கல்லாவைத் திறந்து எடுத்துப் போவார். ஒரு துண்டுச்சீட்டு எழுதமாட்டார். வீட்டு ஆட்கள் எடுப்பதற்குச் சீட்டு கேட்பது மரியாதை இல்லையாம், அந்தக் கடை வழக்கம் அது. குறைந்ததை மட்டும் அக்கா சம்பளத்தில் பிடிப்பார்கள். என்ன அநியாயம்!

ஒருநாள் மச்சினர் கை நீட்டியபோது அக்கா கல்லாவைப் பூட்டிவிட்டார். "தம்பி, எம்புட்டு வேணும்னாலும் எடுங்க, உங்க பணம். சீட்டு எழுதி வச்சுட்டு எடுங்க. நீங்க குடிக்கிற டீக்கு எம்பிள்ள ஸ்கூல் பீஸயா குடுக்கணும்?"

"எம் மச்சினன்ட்டயே சீட்டு கேக்குறியா? போ, இது வியாபார நேரம்!" என்று முதலாளி கத்தினார். மறுநாளே அக்காவைக் கிடங்கில் பருப்பு பாக்கெட் போட அனுப்பினார்கள். உடம்புக்கு முடியாமல் போகும்வரை அங்கேயே இருந்தார். கல்லாவுக்குப் பணம் எண்ணும் மெஷின் வாங்கினார்கள். இருப்பதை அது எண்ணும். எடுத்தது யார் என்று அதற்கு என்ன தெரியும்?

நேற்று கடையில் படம் வைத்துக் கும்பிட்டார்கள். 'நேர்மையின் சிகரமே' என்று பிளெக்ஸ் வேறு. என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். "நேர்மையானவங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க அண்ணே. அப்ப அவுக சம்பளத்துல பிடிச்சத அவுக மகள்ட்ட குடுத்துருங்க."

முதலாளியின் முகம் இருண்டது. "துக்க நேரத்துல பேசுற பேச்சாம்மா இது?"

அக்கா கேட்டபோது வியாபார நேரம். நான் கேட்டால் துக்க நேரம். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய வாய்தான். அந்தப் பணம் அவர் மகள் கைக்கு வரும்வரை அது மூடாது.