ஹவுகெட்டோவுக்கு இரண்டு கிலோ வறுத்த மா

ஒஸ்லோவுக்குள்ளேயே ரொம்சோஸிலிருந்து ஹவுகெட்டோ போவதையெல்லாம் பயணம் என்று எழுதுகிறாளே என நினைப்பவர்கள், பெப்ரவரி ஐஸில் இரண்டு கிலோ மாவைச் சுமந்துகொண்டு ஒருமுறை போய்வந்த பிறகு பேசுங்கள்.

முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள் வன்ஜிரு, கென்யாக்காரி; வீடு ஹவுகெட்டோவில். போன பெப்ரவரியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதே வாரம் அவளுடைய மாமியார் மூன்று மாதம் தங்க முதன்முறையாக ஒஸ்லோ வருகிறார். மருமகள் வேறு இனத்தவள் என்று கல்யாணத்துக்கே முகம் கொடுக்காத மாமியார். வந்ததும் முதல் சாப்பாடு ஆட்டிறைச்சிக் குழம்பும் உகாலியும். உகாலி என்பது வெள்ளைச் சோளமாவைக் கொதிநீரில் கிண்டி எடுக்கும் கட்டிக் களி. கிண்ட இரண்டு நல்ல கை வேண்டும்.

அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழிலேயே எழுதுகிறேன்: “ஞாயிறு வந்து கிண்டித் தா. வரேக்கை மாவும் வாங்கிக்கொண்டு வா. இந்தச் சாப்பாடு பிழைச்சால் மூண்டு மாதமும் பிழைச்சிடும்.”

சனிக்கிழமை குரன்லான்ட் கடைத்தெருவில் 49 குரோனருக்கு இரண்டு கிலோ வாங்கினேன். அங்கேதான் பிழை தொடங்கியது. யாழ்ப்பாணத்தவள் வீட்டில் பச்சை மா சும்மா கிடக்காது. அரிசிமா என்றால் வறுப்போம், கோதுமைமா என்றால் அவிப்போம், பிறகு அரிப்போம். அன்று பின்னேரம் கை தானாகத் தாச்சியை எடுத்தது. பொன்னிறமாக வறுத்து, அரித்து, ஆறவிட்டுக் கட்டினேன். உதவி செய்கிறேன் என்ற பெருமை வேறு.

ஞாயிறு 9.41க்கு ரொம்சோஸில் நிலக்கீழ் ரயில். டிக்கெட் 44 குரோனர். இருபது நிமிடத்தில் நகர மையம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் பத்து நிமிடம். பெட்டி முழுக்க வறுத்த மா வாசம். எதிரே இருந்தவர் இரண்டு முறை என் பையைப் பார்த்தார். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட ஏற்றம். மா கட்டிய மும்முரத்தில், ஐஸில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்குப் போடும் முள்ளை மறந்துவிட்டதால் எனக்கு இருபத்திரண்டு நிமிடம்.

வன்ஜிரு பையைத் திறந்தாள். “என்ன இது?”

“வறுத்தனான்.”

“நான் கேட்டனானோ?”

“கேட்டுத்தான் செய்யவேணுமோ?” என்றேன்.

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். உகாலி பால்போல வெள்ளையாக இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடை ஏது? திறந்திருந்த ஒரே சின்னக் கடைக்கு அழைத்துக் கேட்டால் மஞ்சள் மாதான் இருக்கிறதாம். அவள் கணவர் ஏற்கெனவே விமான நிலையம் போய்விட்டார். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

வேறு வழியில்லை, கிண்டினேன். குழம்பு காலையிலிருந்தே வெந்துகொண்டிருந்தது: வெங்காயம், தக்காளி, உப்பு, அவ்வளவுதான். கைப்பையில் இருந்த கறித்தூளை நோக்கி என் கை மூன்று முறை போனது. மூன்று முறையும் கட்டுப்போட்ட கையாலேயே தட்டிவிட்டாள். வறுத்த மா தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. மேலும் இரண்டு கோப்பை ஊற்றினேன். “அமத்து! சட்டியோடை சேர்த்து அமத்து!” என்று அவள் கத்த, மர அகப்பையோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் தட்டில் கவிழ்த்தபோது மண்ணிறத்தில் ஒரு குன்று. வன்ஜிருவின் கண் கலங்கிவிட்டது.

ஒன்று பத்துக்கு மாமியார் வந்தார். மகனின் ஜாக்கெட்டுக்குள் நெடிய பெண்மணி. கை கழுவினார். உகாலியைப் பார்த்தார். ஒரு துண்டு கிள்ளி உருட்டி, பெருவிரலால் குழி செய்து, குழம்பை அள்ளிச் சாப்பிட்டார். பிறகு ஏதோ கேட்க, மகன் மொழிபெயர்த்தார்.

“குரக்கன் கலந்ததோ எண்டு கேக்கிறா. எங்கடை பக்கம் உகாலி மண்ணிறம்தான். உங்கடை ஆக்களைப் போல வெள்ளையாத்தான் கிண்டி வைப்பாய் எண்டு நினைச்சு வந்தவவாம்.”

வன்ஜிரு என்னைப் பார்த்தாள். நான் குழம்பைப் பார்த்தேன்.

“ஓம், குரக்கன்தான்,” என்றாள், ஒரு பிடி கேழ்வரகுகூடச் சேராத களியைக் காட்டி.

மாமியார் அவளுடைய கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குரக்கன் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை என்றாராம்.

போகிறவர்களுக்கு: சப்பாத்து முள்ளை மறக்காதீர்கள். மாவைச் சனிக்கிழமையே வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு மேல் கிண்டுவதானால் அடுத்த நாள் லீவு எடுங்கள். மாவை வறுக்காதீர்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் வன்ஜிருவின் கை ஆறி, இப்போது அவளே கிண்டுகிறாள். மாமியாரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு அழைப்பு வருகிறது: “ரெண்டு கிலோ. வறுத்து.”

போன வாரம், அரித்தும் தரவோ என்று கேட்டேன்.

“கேட்டுத்தான் செய்யவேணுமோ?” என்றாள்.