கட்டிங் எப்போது முடியும்?

என் மகள் வயிற்றுப் பேரன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் பாதிப் பேச்சு எனக்குப் புரிவதில்லை. நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதுகிறாள். எனக்குப் படிப்பு கிடையாது. படித்த அவளுக்கும் புரியவில்லை என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

எங்கள் சங்கரன்கோவிலில் தறிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது அந்த ஜிம். மாஸ்டர் பழைய முறைக்காரர். மிஷின் எல்லாம் வேண்டாம், கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழு, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டு, வயிறாரச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு என்பாராம். இது எனக்குப் புரிந்தது. நாங்கள் வளர்த்த எருமைக்கன்றும் தின்று தூங்கித்தான் வளர்ந்தது. ஆனால் அது கம்பி எதையும் தூக்கவில்லை. என்ன அழகான எருமை! சரி, அதை விடுங்கள்.

ஒருநாள் கை நடுங்க வந்து நின்றான்.

"என்னலே ஆச்சு?"

"இனிமே தூக்க முடியாம ஃபெயிலாகுத வரைக்கும் தூக்கினேன் ஆச்சி. அப்பத்தான் சதை வளரும்."

பள்ளிக்கூடத்தில் ஃபெயிலானதற்கு இவன் அம்மாவிடம் வாங்கிய அடி எனக்குத்தான் தெரியும். இங்கே ஃபெயிலானால் சபாஷாம்.

தோளும் நெஞ்சும் நன்றாகப் பருத்த பிறகு திடீரென்று சோற்றைக் குறைத்தான். கேட்டால், "இப்போ கட்டிங் ஆச்சி" என்றான். அவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை எதற்கு வெட்ட வேண்டும்? டெய்லர் துணியை வெட்டுகிற மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேலநீலிதநல்லூரில் பெண் பார்க்கப் போனோம். போட்டோவைப் பார்த்ததிலிருந்தே, கட்டினால் இந்தப் பெண்தான் என்று நின்றான் பேரன். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். ஜெபம் முடிந்ததும், "தம்பிக்கு நல்ல உடம்பு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தினமும் ஃபெயிலாகிட்டுத்தான் சார்வாள் வீட்டுக்கு வருவான். போன மாசத்துல இருந்து கட்டிங் வேற."

காபித் தட்டோடு வந்த பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"கட்டிங்கா?" என்றார் ஹெட்மாஸ்டர். "யார் பழக்கிவிட்டா?"

"மாஸ்டர்தான். அவரு வருசம்பூரா கட்டிங்தான்."

"சாயங்காலம் மட்டுமா?"

"இல்ல சார்வாள், காலையில வெறும் வயித்துலதான் நல்லா புடிக்கும்னு சொல்லுதாவ."

பேரன் முகம் செக்கச் சிவந்துவிட்டது. "சார், அது கொழுப்பைக் குறைக்கது சார்" என்றான்.

"எல்லாரும் ஒரு காரணம் சொல்லத்தான் செய்வாங்க தம்பி."

அறைக்குள் யாரோ பொத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. கதவோரம் பெண் எட்டிப் பார்த்து, "அப்பா, அது உடம்பைக் குறைக்க சாப்பாட்டைக் குறைக்கிறது. நான் வேலை பாக்குற ஸ்கூல் பி.டி. சாரும் கட்டிங்தான்" என்றாள்.

"அவருமா!" என்று தலையில் கை வைத்தார் ஹெட்மாஸ்டர்.

கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார்கள். பிடிக்கவில்லை என்றால் சொல்வதும் அதேதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேரன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் என் காதில், "எம்மா, குவார்ட்டர் பாட்டிலைப் பாதியாப் பிரிச்சுக் குடிக்கதுக்குப் பேருதான் கட்டிங்" என்றாள். சாராயத்துக்கும் உடற்பயிற்சிக்கும் யார் ஒரே பேரை வைத்தது? வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

நாலு நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் பெண்ணின் அம்மா போன் செய்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொண்ணு இவரைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. அவங்க அப்பா பி.டி. சார் வீட்டுக்கே போயி விசாரிச்சிட்டு வந்துட்டாங்க. சம்மதம்தான். ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னாங்க. கல்யாணத்துக்குள்ள அந்தக் கட்டிங் முடிஞ்சிருமா? விருந்துல மாப்பிள்ளை சோறு திங்காம இருந்தா ஊரு தப்பாப் பேசும்லா?"

பேரன் போனைப் பிடுங்காத குறை. "முடிஞ்சிரும் அத்தை! அதுக்கப்புறம் பல்க்தான்!"

"பல்க்கா?" என்றார் பெண்ணின் அம்மா. பல்க் என்றால் நிறையத் தின்று சதை ஏற்றுவது என்று அப்போது எனக்கும் தெரியாது. நான் முந்திக்கொண்டு, "சோறு திம்பான் தாயி, நல்லா திம்பான்" என்று கத்தினேன்.