அவள் பேசிய இங்கிலீஷ்

என் மனைவிக்கு ஆங்கில மரபுத்தொடர்களைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியபோது எனக்கிருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவன் நான். விளாங்குடியில் எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுதவேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அவளோ பதினோரு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலை தேடினாள். வீட்டிலிருந்தபடியே ஆஸ்திரேலியக்காரர்களோடு போனில் பேசுகிற வேலை. முதல் சுற்றில் தேறிவிட்டாள். ஆனால் புத்தகத்தைப் படிப்பதுபோலப் பேசுகிறீர்கள், இன்னும் இயல்பாக வரவேண்டும் என்று சொல்லி, கடைசி நேர்காணலுக்கு மூன்று வாரம் கொடுத்திருந்தார்கள்.

நூறு தொடர்களை எழுதி, எதிரே அர்த்தமும் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஒப்பிக்கவேண்டும் என்று உத்தரவும் போட்டேன்.

அவள் ஒப்பிக்கவே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே தாளைப் பார்ப்பாள், திடீரென்று சிரிப்பாள்.

"பீட்டிங் அரவுண்ட் தி புஷ்னா யாரு தெரியுமா? நம்ம மேலூர் சித்தப்பா."

"அர்த்தத்தக் கேட்டா ஆளச் சொல்ற?"

"மழை, வெயிலு, கரன்ட் கட்டு அம்புட்டையும் பேசிட்டு, கெளம்பிச் செருப்பு மாட்டும்போதுல்ல உங்க தங்கச்சியப் பொண்ணு கேட்டு வந்ததையே சொன்னாரு!"

'கட்டிங் கார்னர்ஸ்' என்றால், பீரோவுக்குப் பின்னால் மட்டும் வெள்ளையடிக்காமல் போன பெயிண்டர். யப்பா, என்ன மூளை! நான் கரும்பலகையில் எழுதிப்போட்டு அழித்த தொடர்களெல்லாம் எங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவது வாரம், வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து என் பட்டியலையும் தாண்டிப் போய்விட்டாள். பொறாமையா? இருந்தது. பிரமிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். "பதினோரு வருஷம் ஏன் வேலைக்குப் போகலன்னு கேப்பாங்க. ஃபேமிலி கமிட்மென்ட்ஸ்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிரு."

அவள் தாளை மடித்துவைத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

நேர்காணல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அவள் உள்ளறையில் லேப்டாப் முன்னால். நான் கதவுக்கு வெளியே காவல். குக்கரை விசில் வருவதற்குள் இறக்கிவைத்தேன். கோலமாவு வண்டி மைக்கோடு தெருவுக்குள் வந்தது. ஓடிப்போய், "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் மைக்க அமத்துங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். தொடர்கள் அங்கங்கே தானாக வந்து விழுந்தன. எதிர்முனையில் கேள்வி கேட்ட பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் புல்லரித்துப்போயிற்று.

அப்புறம் அந்தப் பெண் பதினோரு வருடத்தைப் பற்றிக் கேட்டாள்.

என் மனைவி நிதானமாக, "மை ஹஸ்பண்ட் செட் நோ" என்றாள். "பட் தட்ஸ் வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ்."

பாலத்துக்கடியில் ஓடிப்போன தண்ணீர். நடந்தது நடந்துபோயிற்று, அதை இன்னும் மனதில் வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். என் பட்டியலில் அது இல்லை.

மகள் பிறந்ததும் வேலையை விடச் சொன்னது நான்தான். கேட்டவர்களிடமெல்லாம் 'அவளே விட்டுட்டா' என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது நிஜமாகியிருந்தது. இந்த வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை லேசாக ஒருத்தியால் மன்னித்துவிட முடியுமா என்று மலைத்துப்போனேன்.

திங்கட்கிழமை வேலை உறுதி என்று மெயில் வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அந்தச் சந்தோஷத்தைச் சாக்காக வைத்து, மெல்ல ஆரம்பித்தேன்.

"அப்ப என் மேல ஒனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லைல்ல? வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ்னு சொன்னியே."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது அவங்க கேட்டாங்க, சொன்னேன். பதினோரு வருஷத்துல நீங்க ஒரு நாளும் கேக்கலையே."