பழுக்காத கட்டி

மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முத்தாயியிடம் வம்புக்குப் போக ஆண்களே யோசிப்பார்கள். அவளுடைய ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்த ஒருவனை அதே வாளியால் அடித்து முன்பல்லை உதிர்த்தவள். அப்படிப்பட்டவள் புருஷனிடம் மட்டும் அடி வாங்கினாள். அவன் கூலிகளை மேய்க்கும் மண்டோர் கணேசமூர்த்தி. ஏன் பொறுத்தாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

1926இல் அவளுடைய இடது மார்பில் கட்டி வந்தது. கூலிகள் குடியிருந்த லயத்துக்காரர்களுக்கு மருந்து கொடுத்துவந்த சன்னாசி வைத்தியர், தன் மனைவி மங்கம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல் மாதிரி இருந்தது, அசையவில்லை, அமுக்கினாலும் வலிக்கவில்லை.

“இது அர்புதம், தாயி, புத்துக்கட்டி. சீழ்க்கட்டி மாதிரிப் பழுக்காது. சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா கார மருந்து வெச்சு, சூடு போட்டுப் பாத்திருக்கலாம். இப்ப விலாவுல ஊணிக்கிச்சு. கத்தி பட்டா வெறி புடிச்சு வளரும். கஷாயம் தாரேன், நோவு கொறையும். கொணமாவும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“சாவுறதுக்குப் பயமில்லிங்க. அவன் கையால சாவக் கூடாது, அவ்வளவுதான்” என்றாள் முத்தாயி.

பழுக்காத கட்டி என்ற பேச்சை மண்டோர் நம்பவில்லை. லயத்தில் எந்தக் கட்டிக்கும் ஒரே வைத்தியம்தான்: சூடாக வெந்தயக் களி வைத்துக் கட்டுவது, பழுத்ததும் கீறிவிடுவது. அவனும் களி வைத்தான். தோல் வெந்து சிவந்தது. அதைப் பழுத்துவிட்டதாக எண்ணி, ஒரு மத்தியானம் அவளைக் கீழே தள்ளி, முழங்காலால் அமுக்கி, பால் வெட்டும் கத்தியால் கீறினான். சீழ் வரவில்லை. ரத்தம் பீறிட்டது.

அலறல் கேட்டு ஓடிவந்த மங்கம்மா உலக்கையால் அவன் மணிக்கட்டை உடைத்தாள். இனிப் பயனில்லை என்று சன்னாசி விட்டிருந்த சூட்டுக்கோலையே இப்போது காய்ச்ச வேண்டியதாயிற்று. ரத்தத்தை நிறுத்த வேறு வழியில்லை. சதை கருகியபோது முத்தாயி மங்கம்மாவின் தோளைக் கடித்துக் குதறினாள்.

அதன்பின் அவள் மங்கம்மா வீட்டிலேயே கிடந்தாள். வைத்தியர் சொன்னபடியே கட்டி புண்ணாகிப் பரவியது. கஷாயமும் எண்ணெயும் வலியைத் தணித்தன, கொஞ்சம்தான். ஒருநாள் மண்டோர் ஆள் சேர்த்துக்கொண்டு அவளை இழுத்துப்போக வந்தான். முத்தாயி தானே எழுந்து வாசலுக்கு வந்து, துணியை விலக்கிப் புண்ணைக் காட்டினாள்.

“வாடா. வந்து தூக்கிட்டுப் போ.”

கூட வந்தவர்கள் நழுவினார்கள். அவன் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தான்.

மாசியில் அவள் மங்கம்மாவின் மடியில் செத்தாள். கொள்ளி வைக்க மண்டோர் வந்து நின்றான். மங்கம்மா கொடுக்கவில்லை. ஊரே பார்க்கத் தானே வைத்தாள்.