பிரேடெட் என்றால் சமாதானம் இல்லை

பத்தொன்பது வருடங்களாகக் கேட்காமல் விட்ட ஒரு மன்னிப்பைக் கேட்கத்தான், 2006 ஜூனில் ஒரு சனிக்கிழமை நானும் மனைவி வதனியும் பிரெட்ரிக்ஸ்டாட்டுக்குப் போனோம். பழைய கட்டடங்கள் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னது பாதி உண்மை.

எல்லிங்ஸ்ருட்டில் காலை எட்டேகாலுக்குச் சுரங்க ரயில் ஏறி, ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ஒன்பது மணி ரயிலைப் பிடித்தோம். தொண்ணூறு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், ஒருவழி டிக்கெட் 160 குரோனர். அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஆறு. படகில் அக்கரை சேர்ந்தால் கோட்டையும் அகழியும் சூழ்ந்த பழைய நகரம். நாங்கள் நோர்வேயில் முதன்முதல் குடியிருந்த இடம்.

நோர்வேயின் எல்லா மாவட்டங்களிலும் அரசு காக்கும் பழைய வீடுகள் உண்டு. சிலவற்றின் வாசலில் 'பிரேடெட்' என்று சிறு தகடு இருக்கும். பாதுகாக்கப்பட்டது என்று பொருள். மாவட்ட அலுவலகத்தைக் கேட்காமல் கதவுக்கு நிறம்கூட மாற்ற முடியாது.

இதெல்லாம் இப்போது தெரியும். நாங்கள் வாடகைக்கு இருந்த மஞ்சள் வீட்டின் வாசலிலும் அந்தத் தகடு இருந்தது. அன்று அகராதியில் 'பிரேட்' என்றால் சமாதானம் என்றுதான் கண்டேன். ஊரின் பெயரும் கிட்டத்தட்ட அப்படித்தானே தொடங்குகிறது? நம்மவர்கள் வீட்டுக்கு 'சாந்தி இல்லம்' என்று பெயர் வைப்பதுபோல இவர்களும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கடிதங்களில் 'சமாதான இல்லம்' என்றே முகவரி எழுதினேன். கடிதங்களும் ஒழுங்காக வந்தன.

முதல் தைப்பொங்கலன்று வாசல் நிலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வீட்டுக்காரி இங்கெர் தகட்டைக் காட்டி, "பிரேடெட், பிரேடெட்" என்று கத்தினார். சண்டை வேண்டாம் என்கிறார் என்று எண்ணி, நானும் கைகூப்பி, "பிரேட், பிரேட்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். கதவை அறைந்து சாத்தினார். மூன்று மாதத்தில் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். மொழி வகுப்பில் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மஞ்சள் வீடு. அவர் இருப்பாரா, முகம் கொடுப்பாரா என்று தெருவில் தயங்கி நின்றேன்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு என்னத்துக்கு நிக்கிறியள்? மணியை அமத்துங்கோ," என்றாள் வதனி.

நரைத்துப்போன இங்கெர்தான் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொல்லி, நோர்வேஜிய மொழியில் பத்தொன்பது வருடமாக மனதில் பாடம் பண்ணிய மன்னிப்பை ஒப்புவித்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து வலப்பக்க நிலைக்கு இழுத்துப் போனார். புதிய மஞ்சள் வண்ணத்துக்கு நடுவே நாணய அளவில் பழைய மரம் தெரிந்தது. அதில் மங்கிய சிவப்பு.

வண்ணம் பூச அனுமதி கேட்டபோது மாவட்ட அதிகாரி இதென்ன கறை என்று விசாரித்தாராம்.

"கறை இல்லை, இங்கே தமிழர்கள் குடியிருந்தார்கள் என்றேன். பாதுகாப்புப் பதிவில் அப்படியே எழுதிக்கொண்டார். இனி என்னாலும் அழிக்க முடியாது," என்றார் இங்கெர்.

வதனி அழுதுவிட்டாள். ஊரில் நாங்கள் பொட்டு வைத்த நிலை எதையும் போர் விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது இது ஒன்றுதான்.

போகிறவர்களுக்கு: கோடையில் போங்கள், கல் பாவிய தெருக்களுக்குத் தட்டையான சப்பாத்து நல்லது, இரண்டு மணி நேரம் போதும். மஞ்சள் வீட்டு நிலையில் அந்தச் சிவப்பைக் கண்டால் தொட வேண்டாம். அது பிரேடெட்.