நாற்பத்தொன்றாம் எடுத்துக்காட்டு

அந்த ஆய்வாளரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருந்தன்மையை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், பாளையம் பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்வதுதான் பிழைப்பு. அம்மா தம்பானூரில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். நாகர்கோவிலுக்கு அப்பாலிருந்து என்னை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தவள். அப்பா கட்டிட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போனார் என்று எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

வேலை தேடி வந்த தமிழர்கள் எப்படி மொழிகளைக் கலந்து பேசுகிறார்கள் என்று ஆராய அந்த ஆய்வாளர் எங்கள் லைனுக்கு வந்தார். வலியசாலை அக்ரகாரத்துக்காரர். சில மாதங்கள் மத்தியான வேளைகளில் வந்து, டேப்ரிக்கார்டரை முன்னால் வைத்து, அம்மா போட்டுக் கொடுத்த பாலில்லாக் கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டே அவளைப் பேசவைத்தார். நான் கடையில் இருப்பேன், அதனால் அவர் என்னைப் பார்த்ததில்லை. நம் பேச்சையும் கேட்க ஒரு படித்த ஆள் வருகிறாரே என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவருடம் அவருடைய ஆய்வேடு எங்கள் கடைக்கே வந்தது. அவர் தெருவின் தமிழுக்கு ஓர் அத்தியாயம், அதில் அது பேணிக்காத்த மரபு. எங்கள் தமிழுக்கு ஓர் அத்தியாயம், அதில் அது தேய்மானம். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். ஏழாவது தகவலாளர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் பெண், ஒரே மகள் தட்டச்சர் என்று இருந்தது. பிறகு நாற்பத்தொன்றாம் எடுத்துக்காட்டு வந்தது.

"சாரே, அந்த மெஷின ஒண்ணு ஓஃப் ஆக்குங்க. இது வேற ஆரும் அறியக்கூடாது."

அதற்குக் கீழே, ஒரே மூச்சில் மூன்று மொழிகள் கலந்த அருமையான சான்று என்று அரைப்பக்கம் விளக்கம். மெஷினை அவர் நிறுத்தவில்லை. அதன் பிறகு அம்மா சொன்னதெல்லாம் நாற்பத்தொன்பது வரை வரிசையாக இருந்தது. நாற்பத்துநாலில் என் அப்பா உயிரோடு இருந்தார். அடி தாங்க முடியாமல்தான் அம்மா ஓடி வந்திருக்கிறாள். பெற்ற மகளிடம் சொல்லாததை, அந்த மகளே தட்டச்சு செய்து தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கே ஆய்வாளரிடம் சொல்லியிருக்கலாம். பயந்துபோய் அவற்றை எடுத்தும் இருப்பார். ஆனால் சத்தமில்லாமல் தப்பிக்க விட எனக்கு மனமில்லை. ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். "நன்னா பண்ணியிருக்கே" என்றார். அம்மாவின் ரகசியம் தேர்வாளர்களின் மேசையில் மாதக்கணக்கில் கிடந்ததற்கு நானும்தான் பொறுப்பு. அது தெரிந்தேதான் காத்திருந்தேன்.

பட்டம் கொடுக்கும் முன் எல்லார் முன்னிலையிலும் ஒரு தேர்வு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம், ஆனால் யாரும் கேட்பதில்லை. எல்லார் கண்ணும் பின்வரிசையில் இருக்கும் லட்டு, மிக்சர் மேல்தான் இருக்கும். அழைப்பிதழை அடித்ததும் நான்தான் என்பதால் நாளும் நேரமும் தெரியும். சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டதும் எழுந்தேன். நாற்பத்தொன்றாம் எடுத்துக்காட்டை வாசித்துப் பொருள் சொல்லுமாறு கேட்டேன். அவர் அழகாக வாசித்துவிட்டு, இதில் மூன்று மொழிகள் என்று ஆரம்பித்தார்.

"மொழி இருக்கட்டும் சாரே. அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்திரண்டு முதல் உள்ளவை எப்போது பதிவானவை என்று கேட்டார். அன்றைக்கேதான் என்று ஆய்வாளர் முனகினார். பட்டுப்புடவையில் வந்திருந்த அவர் வீட்டுப் பெண்கள் தலைகுனிந்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. இரண்டு லட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பா செத்தவராகவே இருந்தார்.

நாற்பத்திரண்டு முதல் உள்ள அந்த எட்டையும் நீக்கி, திருத்திக் கொடுத்தால்தான் பட்டம் என்று தேர்வுக்குழு சொல்லிவிட்டது. ஆய்வேடு இருந்த ஃப்ளாப்பி எங்கள் கடையில் இருந்ததால் அவர் என்னிடமே வர வேண்டியிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இதுதானா சாரே என்று கேட்டேன், எட்டு முறையும் அவர் வாயாலேயே ஆமாம் சொல்லவைத்த பிறகே அழித்தேன். கடைசியில் நாற்பத்தொன்றைத் திரைக்குக் கொண்டுவந்தேன், அவர் குரல் இறங்கியது. நாற்பத்தொன்றில் ரகசியம் ஏதும் இல்லை, குழுவும் அதைச் சொல்லவில்லை, அத்தியாயமே அதன் மேல்தான் நிற்கிறது, அது மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சினார்.

நான் எழுந்து, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன்.

"இத நீங்கதான் அழிக்கணும் சாரே. அவங்க உங்ககிட்டதான கேட்டாங்க."

ஒவ்வோர் எழுத்தாக அவர் அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.